தோலோட இருக்கிற பழம்

அந்தச் சார்ட்டைச் சுருட்டி மடியில வச்சுக்கோம்மா. மேல வச்சா எவனாவது மூட்டையைத் தூக்கி அதுமேல போட்டுருவான். டீச்சர்தானே நீ? கேக்காமலே தெரியுதே. சார்ட்டு, ஸ்கெட்ச் பேனா, கலர் பேப்பர், தோள்ல புதுப் பை. முதல் போஸ்டிங்கா? நல்லது, நல்லது. அதான் முகத்துல இவ்வளவு வெளிச்சம். கொஞ்ச நாளைக்கு இருக்கும் அது.

நானும் டீச்சர்தான். சௌந்தரவல்லி டீச்சர்னு பழைய ஊர்ப்பக்கம் போயி யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இப்ப என்னைத் தூக்கி இந்த பஸ்ஸு கடைசியாப் போயி நிக்கிற ஊர்ல போட்டுட்டாங்க. காலையில எந்திரிச்சு அவசர அவசரமாக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே டீயும் உளுந்த வடையும் தின்னுட்டு ஓடியாந்து ஏறணும். வயசு காலத்துல எனக்கு இந்தத் தலையெழுத்து.

என்னது, அதிரசமா? அம்மா செஞ்சு குடுத்து விட்டாங்களா? வேணாம்னு சொல்லவே மாட்டேன், அதிரசம்னா எனக்கு உசுரு. இப்பத்தான் வடை உள்ள போயிருக்கு, கொஞ்சம் இறங்கட்டும். டப்பாவை மூடி வை, நானே கேட்டு வாங்கிக்கிறேன்.

சார்ட்டுல என்ன எழுதியிருக்க? விரி பாப்போம். ‘நமது குழுக்கள்’. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. கீழ கட்டம் மட்டும் போட்டு வச்சிருக்கியே, பேரெல்லாம் போயித்தான் எழுதணுமா? எப்படிப் பிரிக்கப் போற? ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணச் சொல்லியா? ஐயோ பாவமே. நானும் அப்படித்தாம்மா ஆரம்பிச்சேன். கேளு, வழி நெடுகச் சொல்றேன், உனக்கு உதவும். என்னைப் பாத்தாவது நீ பொழைச்சுக்கோ.

எங்களுக்கும் ஒரு ட்ரெய்னிங் வச்சாங்க. பெரிய ஹால்ல எங்களையும் பிள்ளைங்க மாதிரி வட்டமா உக்கார வச்சு, பந்தைத் தூக்கிப் போட்டு, பிடிச்சவங்க பேசணும்னு சொல்லி ஒரே கூத்து. பிள்ளைங்க தனித்தனியாப் படிக்கக் கூடாது, கூடிப் படிக்கணும், ஒருத்தர்கூட விடுபடக் கூடாது, பேசாத பிள்ளையையும் பேச வைக்கிறதுதான் ஆசிரியர்னு ட்ரெய்னிங் குடுக்க வந்த அம்மா மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. மத்தவங்கல்லாம் சாப்பாடு எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் ஒருத்திதான் ஒரு சொல்லு விடாம காதுல வாங்கினேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், நம்ம வகுப்பை முன்மாதிரி வகுப்பா மாத்திக் காட்டணும்னு. நல்லாசிரியர்னு ஒரு பேரு வாங்கிட்டு ரிட்டையர் ஆகணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. அதுல தப்பு என்ன இருக்கு?

ஏழாம் வகுப்பு. திங்கக்கிழமை போனதும் எண்ணச் சொன்னேன். ஒண்ணெல்லாம் ஒரு பக்கம், ரெண்டெல்லாம் ஒரு பக்கம். பாயை விரிச்சு உக்காந்துச்சுங்க. மழை எப்படி வருதுன்னு படம் போட்டு விளக்கணும், அதான் வேலை. வகுப்பே சந்தை மாதிரி ஆயிப் போச்சு, ஆனா நல்ல சந்தை. அதுல ஒரு பொண்ணு, கனிமலர்னு பேரு. காலனியில இருந்து வர்ற பிள்ளை. அவளும் தங்கப்பிரியாவும் ஒரே குழுவுல விழுந்துட்டாங்க. தங்கப்பிரியா நடுத்தெரு. ரெண்டும் தலையோட தலை முட்டிக்கிட்டு, ஒரே ஸ்கெட்ச் பேனாவை மாத்தி மாத்தி வாங்கி வரையுதுங்க. கனிமலர்தான் எந்திரிச்சு வந்து விளக்குனா. விளக்கிட்டு என்னையே ஒரு கேள்வி கேட்டுச்சு. “எங்க வீட்டு அண்டாவில இருந்து ஆவியாப் போற தண்ணி எந்த ஊர்ல டீச்சர் மழையாப் பெய்யும்?” எனக்கு எங்க தெரியும்? நல்லாப் பேசும்மா அந்தப் பிள்ளை, அதை நான் மறைக்க மாட்டேன்.

மறுநாள் தங்கப்பிரியாவோட சித்தப்பா வந்துட்டார். சண்டைக்கெல்லாம் வரல, பாத்துக்கோ. தங்கமான மனுசன். வண்டியை வெளியிலயே நிறுத்திட்டு, செருப்பைக் கழட்டிட்டு வந்து நின்னார். “பிள்ளைங்க கூடிப் படிக்கட்டும் டீச்சர், யாரு வேணாம்னா? அதுக்குன்னு ஒரே பாட்டில்ல வாய் வச்சுத் தண்ணி குடிக்கணுமா?” அவ்வளவுதான் கேட்டார். ரெண்டும் ஒரே பாட்டில்ல குடிச்சதை எந்தப் பிள்ளையோ வீட்டுல போயி சொல்லியிருக்கு. தங்கப்பிரியா அன்னைக்குக் கன்னம் வீங்கித்தான் வந்துச்சு. எங்க ஹெட்மாஸ்டர் ஞானசிகாமணி என்னைக் கூப்பிட்டு, “பாத்துச் செய்யுங்க டீச்சர், நம்ம இங்க காலம் தள்ளணும்”னார். அவர் எப்பவும் அப்படித்தான், எதையும் முழுசாச் சொல்ல மாட்டார்.

நான் சாதி பாக்குறவ இல்லம்மா. அதை முதல்லயே உங்கிட்டச் சொல்லிர்றேன். என் சர்வீஸ்ல அந்த வார்த்தை என் வாயில இருந்து ஒரு நாளும் வந்தது கிடையாது. தெருன்னுதான் சொல்லுவேன்.

அப்ப எனக்கா ஒரு யோசனை தோணுச்சு. இது எந்த ட்ரெய்னிங்குலயும் சொல்லித் தந்தது இல்ல, முழுக்க என் சொந்த மூளை. ஒரே தெருப் பிள்ளைங்களை ஒரே குழுவாப் போட்டா என்ன? சாயங்காலமும் ஒண்ணா உக்காந்து படிக்கலாம். வீட்டுப் பாடம் ஒரே இடத்துல முடிஞ்சிரும். ஒருத்தி வரலைன்னா இன்னொருத்தி கூட்டிட்டு வருவா. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, எந்தச் சித்தப்பாவும் வண்டியை எடுத்துக்கிட்டு வரத் தேவையில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பூ பேரு வச்சேன். மேலத்தெரு மல்லிகை. நடுத்தெரு முல்லை. கீழத்தெரு ரோஜா. காலனிப் பிள்ளைங்களுக்குச் செவ்வந்தி. அதுல நான் குறையே வைக்கல, செவ்வந்திதான் நல்ல நிறமா சார்ட்டுல எடுப்பா இருந்துச்சு. அவங்களை வாசக்கதவை ஒட்டி உக்கார வச்சேன். காத்து வரும் பாரு.

என்ன, சார்ட்டைச் சுருட்டி வச்சிட்ட? கேளு, கேளு. எல்லாம் அனுபவம்.

மத்தக் குழுவெல்லாம் ஜோரா ஓடுச்சு. இந்தக் கனிமலர் மட்டும் வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி உக்காந்துக்கிட்டா. அதுவரைக்கும் வாய் ஓயாத பிள்ளை. பேனாவைக் குடுத்தா வாங்கி பக்கத்துப் பிள்ளைகிட்டக் குடுக்கும். கேள்வி கேட்டா எந்திரிச்சு நிக்கும், பதில் வராது. பதில் தெரியும், நல்லாவே தெரியும், சொல்லாது. நான் விட்டேனா? என்னென்ன பண்ணினேன் தெரியுமா. நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்து ஒட்டினேன். குழுத் தலைவியாப் போட்டேன். வாய் திறந்து பேசினா எல்லாரும் சேர்ந்து கைதட்டணும்னு வகுப்புக்கே சொல்லி வச்சேன். இதுக்கு மேல ஒரு டீச்சர் ஒரு பிள்ளையை எப்படி ஊக்கப்படுத்துறது, நீயே சொல்லு.

ஒரு தடவை மட்டும் என் மேசைக்குக் கிட்ட வந்து மெதுவாக் கேட்டுச்சு. “டீச்சர், நான் முல்லைக்குப் போகவா? தங்கம்கூட உக்காந்துக்கிறேன். தண்ணி கேக்க மாட்டேன் டீச்சர்.” நான் கோபமே படல. தலையைத் தடவிக் குடுத்து, “அது அந்தத் தெருப் பிள்ளைங்க குழும்மா, உன் குழுவை நீ முன்னேத்து பாப்போம்”னு நல்ல வார்த்தைதான் சொன்னேன். அதுக்கப்புறம் எங்கிட்ட எதுவும் கேக்கல. அதுவாத்தான் ஒதுங்குச்சு.

அந்த வருசம் எங்க வகுப்பைப் பாக்க மேலதிகாரி வர்றதாத் தகவல். எங்க ஹெட்மாஸ்டர் என் பேரைத்தான் எழுதி அனுப்பியிருந்தார். குழுச் செயல்பாட்டுல எங்க ஒன்றியத்துக்கே முன்மாதிரின்னு. அதிகாரி வந்து பாத்துட்டுப் போயி நாலு வரி நல்லா எழுதிட்டா என் பேரு மேல போயிரும். பாடம் உணவு. அடுப்பு இல்லாமச் சமைக்கிறது. ஒவ்வொரு குழுவும் ஒரு பண்டம் செஞ்சு, மத்தக் குழுவுக்கெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிக் குடுக்கணும். ‘செய்வோம், பகிர்வோம்’னு போர்டுல கலர் சாக்பீஸ்ல எழுதினேன்.

இதுல ஒரு சிக்கல் வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். அனுபவம்னா சும்மாவா? மல்லிகைக்கு எலுமிச்சை ஜூஸ் குடுத்தேன். முல்லைக்கு முளைகட்டின பச்சைப்பயறு, வெங்காயம் மாங்காய் நறுக்கிப் போட்டு. ரோஜாவுக்குக் கேரட்டுத் துருவல். செவ்வந்திக்கு என்ன குடுத்தேன் தெரியுமா? வாழைப்பழம், ஆரஞ்சு. முழுசு முழுசா, தோலோட. அழகாத் தட்டுல அடுக்கிக் கொண்டாந்தாப் போதும். தோலோட இருக்கிற பழத்தை யாரு குடுத்தாலும் யாரும் வாங்கிக்கலாம் இல்லையா? உரிச்சுத் தின்னுட்டுப் போறாங்க. எந்தப் பிள்ளைக்கும் சங்கடம் இல்லை, எந்த வீட்டுலயும் பேச்சு வராது, அவங்களும் பங்கெடுத்த மாதிரி ஆச்சு. இவ்வளவு நுணுக்கமா எந்த டீச்சர் யோசிப்பா? ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு யோசிச்சது அது.

அன்னைக்கு அதிகாரி வந்தார். நாற்காலி போட்டு, துண்டு விரிச்சு உக்கார வச்சோம். மல்லிகை ஜூஸ் குடுத்துச்சு, குடிச்சார். முல்லை பயறு கொண்டாந்துச்சு, தங்கப்பிரியாதான் தட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. அவரும் எடுத்தார், நானும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ரோஜாவும் வந்துட்டுப் போச்சு. அடுத்துச் செவ்வந்தின்னு நான் கூப்பிடுறேன்.

கனிமலர் எந்திரிச்சா. கையில தட்டு. தட்டுல பழம் இல்ல. அவலை ஊற வச்சு, வெல்லம் தட்டிப் போட்டு, தேங்காய் துருவி, கையாலயே பிசைஞ்சு கொண்டாந்திருக்கு. எனக்குத் திக்குன்னு ஆயிப் போச்சு. பழம் எங்கடின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேக்குறேன். “பழத்தை நாங்க செய்யல டீச்சர், அது மரத்துல காய்ச்சது”ங்குது. “செய்வோம்னுதானே போட்டிருக்கீங்க.” அத்தனை மாசம் வாய் திறக்காத பிள்ளைக்கு அன்னைக்குன்னு பாத்து வாய் வந்துருச்சு.

நேரா எங்க போச்சுங்கிற? தங்கப்பிரியாகிட்ட. தட்டை நீட்டிக்கிட்டு நிக்குது. அந்த லூசுப் பிள்ளையும் சிரிச்சுக்கிட்டே கையைக் கொண்டு போகுது. எனக்கு அந்த வீங்கின கன்னம்தான் ஞாபகம் வந்துச்சு. சட்டுனு, “தங்கம், ஆபீஸ் ரூம்ல போயி சாக்பீஸ் எடுத்துட்டு வா”ன்னேன். நீட்டின கையை அப்படியே மடக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. என் சொல்லைத் தட்டாத பிள்ளை அது. மேசையில சாக்பீஸ் டப்பா நிறைய இருந்துச்சு. அதை எல்லாப் பிள்ளைங்களும் பாத்துச்சுங்க. அதுக்கப்புறம் கனிமலர் எந்தக் குழுகிட்டத் தட்டை நீட்டினாலும், அதுங்க அவலைப் பாக்கல, என் முகத்தைப் பாக்குதுங்க. நான் ஒண்ணுமே சொல்லலம்மா. சாமி சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. அதுங்களாத்தான் எடுக்கல.

அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு எங்கிட்ட வந்துச்சு. தட்டு நிறைய வச்சது வச்சபடி இருக்கு. “நீங்க எடுங்க டீச்சர். நீங்க எடுத்தா எல்லாரும் எடுப்பாங்க.” அந்த முகத்தை இப்ப நினைச்சாலும் எனக்கு எரிச்சலா வருது. கெஞ்சுதா மிரட்டுதான்னே தெரியல. நான் என்ன செய்ய? சாயங்காலம் நான் அந்த ஊர் வழியாத்தானே பஸ் ஏறணும். “எனக்கு இன்னிக்கு விரதம்மா”ன்னு தன்மையாத்தான் சொன்னேன்.

“பயறு சாப்பிட்டீங்களே டீச்சர்.”

சத்தமாக்கூடச் சொல்லல. ஆனா எல்லார் காதுலயும் விழுந்துருச்சு. அதிகாரி நிமிந்து பாத்தார். பாத்துட்டு, “குழுவெல்லாம் எப்படிம்மா பிரிச்சாங்க?”ன்னு அவகிட்டயே கேட்டார். “தெருத் தெருவா சார்”னு சொல்லிட்டு, தட்டைக் கீழ வைக்காம அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்குது. அழுதுச்சான்னு கேக்குறியா? கண்ணு கலங்கின மாதிரிதான் இருந்துச்சு. நான் எங்க அதைப் பாத்தேன், எனக்கு என் மானம் போயிக்கிட்டு இருந்துச்சு.

இப்ப அந்த அதிகாரி என்ன பண்ணினார்னு கேளு. “சபாஷ்மா”ன்னு எந்திரிச்சு, ஒரு கை அவலை எடுத்து பேப்பர்ல வச்சு மடிச்சு, “வீட்டுல போயி நிதானமாச் சாப்பிடுறேன்”னு பையில போட்டுக்கிட்டார். எல்லாரும் கைதட்டினோம். அவர் ஜீப்பு கிளம்பிப் போன கொஞ்ச நேரத்துல கேட்டுக்கு வெளிய காக்கா கத்துது. போயிப் பாத்தா அந்தப் பேப்பர் பொட்டலம் வேலியோரம் விரிஞ்சு கிடக்கு. பிள்ளைங்களும் பாத்துருச்சுங்க. மறைக்க முடியல.

மறுநாள் செவ்வந்தியில ஒரு பிள்ளையும் வரல. அவங்க அம்மாமாரெல்லாம் கேட்டுல வந்து நின்னுட்டாங்க. கத்தல, கூப்பாடு போடல. கனிமலரோட அம்மா அந்தத் தட்டைக் கழுவிக் கொண்டாந்து, “டீச்சர், பிள்ளை விடிகாலையில எந்திரிச்சு ஆசையாச் செஞ்சுச்சு, ஒரு வாய் வாங்கியிருக்கக் கூடாதா”ன்னு மட்டும் கேட்டுச்சு. அந்தக் கூட்டத்துல எவனோ ஒருத்தன் போன்ல படம் பிடிச்சான். அப்புறம் பேப்பர்ல வந்துச்சு, மனு போச்சு, விசாரணை வந்துச்சு. விசாரிக்க வந்தது யாருங்கிற? அதே அதிகாரி. பொட்டலத்தை வேலியில போட்டவர். அவர்தான் என்னைப் பத்தி அவ்வளவு மோசமா எழுதினார். பிள்ளைகள் மனதில் பிரிவினையை விதைச்சவளாம் நான். அவருக்கு ஒண்ணும் ஆகல, ப்ரமோஷன்ல போயிட்டார். எனக்கு நல்லாசிரியரும் போச்சு, ஊரும் போச்சு. வயிறு எரியுதும்மா. ஒருத்தரையும் விடாம பங்கெடுக்க வைக்கணும்னு பாடுபட்டதுக்கு எனக்குக் கிடைச்ச கூலி இதுதான்.

அந்தப் பொண்ணா? அதுக்கென்ன, அப்பவே டி.சி. வாங்கிட்டு டவுன்ல ஏதோ ஹாஸ்டல்ல சேந்து நாலஞ்சு வருசம் ஆச்சு. போன மாசம் இதே பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒரு கூட்டம் பிள்ளைங்க, எந்த ஊரோ எந்தத் தெருவோ, ஒரே டப்பாவைச் சுத்தி நின்னு அள்ளி அள்ளித் தின்னுக்கிட்டு இருக்குதுங்க. நடுவுல இவதான் பேசுறா, வாய் ஓயல. நானே வலியப் போயி கிட்ட நின்னேன். மத்தப் பிள்ளைங்க வணக்கம் சொல்லுச்சுங்க, யாருன்னே தெரியாம. இவ என்னைப் பாத்தா. பாத்துட்டு டப்பாவை எடுத்து முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டா. பாடம் சொல்லிக் குடுத்த டீச்சர்கிட்ட நடந்துக்கிற முறையா இது? தங்கப்பிரியாவுக்கு இப்பக் கல்யாணம் பேசுறாங்களாம், படிப்பை நிறுத்தியாச்சு. அது இன்னும் என்னைப் பாத்தா எந்திரிச்சு நிக்கும்.

அதனாலதான் சொல்றேன், எண்ணிப் பிரிக்காத. போன உடனே எந்தப் பிள்ளை எந்தத் தெருன்னு நைசா விசாரிச்சுக்கோ. நீ சின்னப் பொண்ணு, உனக்கு எதுக்கு வம்பு.

பேசிப் பேசி வாய் வறண்டு போச்சு. எடு அந்த அதிரசத்தை. அடேயப்பா, நல்லா மெத்து மெத்துன்னு இருக்கே. ஏலக்காய் வாசம் தூக்குது. உங்கம்மாவுக்குக் கைப்பக்குவம் இருக்கு. ஆமா, எந்த ஊருன்னு சொன்ன நீ? அட, அங்கயா? எங்க நாத்தனாரைக் குடுத்த ஊராச்சே அது. தேரடிக்குப் பக்கத்துலதான் வீடு. நீங்க எந்தத் தெரு?

தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் ஏது வீடு, அங்க வெறும் காலனிதானே…

ஓ.

சரி, சரி. நல்லது. படிச்சு வேலைக்கு வந்துட்டீங்களே, அதான் வேணும்.

இந்தாம்மா, இதை டப்பாவிலயே வச்சிரு. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைங்கிறதே மறந்து போச்சு பாரு. எனக்கு விரதம்.

என்னம்மா அப்படிப் பாக்குற? ஏன் எந்திரிக்கிற? உன் ஸ்டாப்பு வரலையே, இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு. சார்ட்டு கீழ விழுது பாரு. உக்காரும்மா, நான் என்ன உன்னைப் போகவா சொன்னேன்? பஸ்ஸு ஓடிக்கிட்டு இருக்கு, அங்க போயிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுல உனக்கு என்ன கிடைக்கப் போகுது?

பாத்தீங்களாக்கா? அந்தப் பொண்ணுதான், சார்ட்டு வச்சிருக்கே. இவ்வளவு நேரம் தாயும் பிள்ளையுமாத்தான் பேசிக்கிட்டு வந்தோம். நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. அதுங்களாத்தான்க்கா ஒதுங்கிப் போகுதுங்க, பழி மட்டும் நம்ம தலையில. நீங்க ஏன் நின்னுக்கிட்டு வர்றீங்க, வாங்க, இப்படி வந்து உக்காருங்க. ஜன்னலோரம், நல்லாக் காத்து வரும்.